சராசரிக்குள் பதுங்கிய நாலு நிமிடம்

சிரித்துக்கொண்டே கை கொடுக்கிற மேலாளரை நான் நம்புவதில்லை. சிரிக்காமல் கை கொடுக்கிறவரையும் நம்புவதில்லை. தீயணைப்புக் கட்டுப்பாட்டு நிலையத்தின் மேலாளர் கையே கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாக வழவழப்பான ஒரு தாளை நீட்டினார். அதில் கொட்டை எழுத்தில் ஓர் எண். பூஜ்யம், புள்ளி, அப்புறம் வரிசையாக இன்னும் சில பூஜ்யங்கள், கடைசியில் வேண்டா வெறுப்பாக ஒரு நாலு.

"சராசரித் தாமதம், விநாடிக் கணக்குல," என்றார். "எங்க மெஷின்ல ஒரு வேலை பிராசஸருக்காகக் காத்து நிக்கிற நேரம் இவ்வளவுதான். கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும்."

"கண்ணை மூடாமப் பாத்தா?" என்றேன்.

"மாமா," என்றாள் என் மருமகள்.

அவள்தான் துப்பறிவாளர். முன்பு கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தவள். அங்கே எல்லோரும் அவளிடம் பொய் சொன்னார்கள். எப்படியும் பொய்யைக் கேட்கத்தான் போகிறோம், அதையே தொழிலாக வைத்துக்கொள்வோம் என்று வெளியே வந்துவிட்டாள். என் மகன் கப்பலில் வேலை பார்க்கிறான். எப்போதாவது வந்து தூங்கிவிட்டுப் போவான். "வீட்ல உட்காந்து டிவிக்காரனைத் திட்டுறதுக்கு, என்கூட வந்து வெளி ஆளுங்களைத் திட்டுங்க மாமா" என்று இவள் கூப்பிட்டாள். அன்றிலிருந்து நான் கார் ஓட்டுகிறேன். திட்டுவது இலவசம்.

மேலாளருக்கு அந்த நிலையத்தில் பட்டப்பெயர் 'சராசரி'. காவலாளியிலிருந்து வண்டி கழுவுகிறவர் வரைக்கும் அப்படித்தான் சொன்னார்கள். லிஃப்ட் எவ்வளவு நேரத்தில் வருகிறது, தொலைபேசியை எத்தனையாவது மணியில் எடுக்கிறார்கள், கழிவறைக் கதவு எவ்வளவு நேரம் பூட்டிக் கிடக்கிறது, எல்லாவற்றுக்கும் சராசரி எடுத்துச் சுவரில் ஒட்டி வைத்திருந்தார். அந்தக் கழிவறைக் கணக்கைப் பார்த்த பிறகு எனக்கு உள்ளே போகவே கூச்சமாகிவிட்டது. வெளியே யாரோ கடிகாரத்தோடு நிற்பது மாதிரி இருந்தது.

விஷயம் இதுதான். போன வாரம் ஒரு தச்சுப் பட்டறை எரிந்துபோனது. வார்னிஷ் டின்களும் மரத்தூளும் இருக்கிற இடம். பற்றிக்கொள்ளக் கேட்கவா வேண்டும். தச்சர் கைக் காயத்தோடு தப்பினார். பட்டறை தப்பவில்லை. அவர் போன் பண்ணிய நேரம் தொலைபேசி இணைப்பகத்தில் பதிவாகியிருக்கிறது. வண்டியை அனுப்பும் பொத்தானை ஆபரேட்டர் அழுத்திய நேரம் நிலையத்துக் கம்ப்யூட்டரில் பதிவாகியிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நாலு நிமிடம்.

அந்த நாலு நிமிடமும் ஆபரேட்டர் தூங்கினார் என்பது சராசரியின் கட்சி. உடனே அழுத்தினேன், மெஷின்தான் அனுப்பவில்லை என்பது ஆபரேட்டரின் கட்சி. பிற்பகல் மூன்று மணிக்கு விசாரணை. ஆபரேட்டர் சொல்வது எடுபடாவிட்டால் வேலை போகும்; அலட்சியத்தால் தீ பரவியது என்று போலீஸ் வழக்கும் பின்னாலேயே வரும். ஆபரேட்டரின் வீட்டார்தான் எங்களை அமர்த்தியிருந்தார்கள். விசாரணைத் தலைவி ஓய்வுபெற்ற நீதிபதி. மூன்று மணிக்குள் எதையாவது கண்டுபிடித்தால் கொண்டு வாருங்கள் என்று எங்களுக்கு அனுமதி கொடுத்திருந்தார். அனுமதி கொடுத்த முகத்தில் நம்பிக்கை இல்லை. அந்த அம்மாவை மட்டும் எனக்குப் பிடித்தது.

ஆபரேட்டரை ஒரு சின்ன அறையில் உட்கார வைத்திருந்தார்கள். நாற்பது வயதுப் பெண்மணி. அழுதிருப்பார் என்று நினைத்துப் போனேன். அவர் சுவரில் ஒட்டியிருந்த சராசரிகளைப் பேனாவால் திருத்திக்கொண்டிருந்தார்.

"பட்டனை அழுத்தினதும் என்னம்மா ஆச்சு?" என்று கேட்டாள் மருமகள்.

"'அனுப்பப்படுகிறது'ன்னு வந்துச்சு மேடம். ஒரு வட்டம் சுத்துச்சு. சுத்திக்கிட்டே இருந்துச்சு."

"திரும்ப அழுத்த வேண்டியதுதானே?" என்றேன்.

"ஐயா, இங்க ரெண்டாவது தடவை அழுத்தினா ரெண்டாவது வண்டி கிளம்பிடும். ஒரு குப்பைத்தொட்டிக்கு மூணு வண்டி போயிருக்கு. அதனால திரும்ப அழுத்தக் கூடாதுன்னு கண்டிப்பான உத்தரவு. போன்ல அந்தத் தச்சர் கத்துறாரு. நான் வட்டத்தையே பாத்துக்கிட்டு இருக்கேன். வண்டி நிக்கிற இடத்துக்கு இன்டர்காம் அடிச்சேன், யாரும் எடுக்கல, இன்ஜின் சத்தம். அப்புறம் ஹெட்போனைக் கழட்டிப் போட்டுட்டு மாடிப்படியில இறங்கி ஓடினேன். ஓடிப்போய்ச் சொல்லித்தான் வண்டியே கிளம்புச்சு. அதுக்கும் ஒரு குற்றச்சாட்டு போட்டிருக்காங்க. பணி நேரத்துல இருக்கையை விட்டு எழுந்ததுன்னு."

"தூங்குனதும் நீங்கதான், எழுந்து ஓடுனதும் நீங்கதான். ரெண்டுல ஒண்ணையாவது அந்த ஆள் தேர்ந்தெடுக்கக் கூடாதா?" என்றேன்.

ஆபரேட்டர் முதல் தடவையாகச் சிரித்தார்.

வெளியே வந்ததும் மருமகள் தாழ்வாரத்தில் நின்றுவிட்டாள். "பட்டன் அழுத்தின நேரத்தை யார் குறிச்சு வெக்கிறது தெரியுமா மாமா? அந்த வண்டி அனுப்புற புரோகிராம்தான். அது முழிச்சு, பிராசஸர்ல உட்காந்து, 'ஓ, பட்டன் அழுத்தியிருக்காங்க'ன்னு பாக்கும்போது மணி என்னவோ, அதைத்தான் குறிக்கும்."

"அப்ப அது லேட்டா வந்துட்டு, அந்தம்மா லேட்டுன்னு எழுதி வெக்கும்."

"எழுதலாம். ஆனா அது லேட்டா வந்துச்சுன்னு நிரூபிக்கணுமே. அதைக் கணக்கு வெச்சிருக்கிறது கெர்னல். மெஷினுக்கு நடுவுல உட்காந்திருக்கும். எந்த புரோகிராம் எப்ப பிராசஸர்ல ஏறணும்னு அதுதான் சொல்லும். சும்மா தூங்குற புரோகிராமை அது கண்டுக்காது. 'நான் ரெடி, எனக்கு முறை குடு'ன்னு நிக்குது பாருங்க, அந்த நேரத்தை மட்டும் தனியா கூட்டிக்கிட்டே வரும். எத்தனை தடவை நின்னுச்சு, மொத்தம் எவ்வளவு நேரம் நின்னுச்சு."

"மேஸ்திரி மாதிரி."

"கிட்டத்தட்ட."

"மேஸ்திரிகளை எனக்குத் தெரியும். பொய் சொல்லியே வீடு கட்டியிருக்கான் ஒருத்தன்."

"இந்த மேஸ்திரி பொய் சொல்ல மாட்டான். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்வான்."

"அவன்தாம்மா இருக்கிறதுலயே மோசமானவன்."

மெஷின் அறையில் எலும்பு வரைக்கும் குளிர் அடித்தது. அங்கே ஒரு பொறியாளர் இருந்தார். கம்ப்யூட்டரைப் பராமரிக்கிற ஒப்பந்தக் கம்பெனியின் ஆள். தடித்த கண்ணாடி, ஒல்லி உடம்பு. அந்தக் குளிரில் அவருக்கு வியர்த்தது. குளிரில் வியர்க்கிறவனைப் பார்த்தால் அவன் சட்டைப்பையைத் தடவிப் பார்க்கச் சொல்லும் என் கை.

"எல்லாம் அறிக்கையில இருக்கு மேடம்," என்றார். திரையில் ஓர் அட்டவணையைக் காட்டினார். வண்டி அனுப்பும் புரோகிராம் பிராசஸருக்காக எத்தனை தடவை காத்திருந்தது, மொத்தம் எவ்வளவு நேரம், வகுத்தால் என்ன வரும். மருமகள் தன் போனில் வகுத்துப் பார்த்தாள். அதே எண். பூஜ்யங்கள், கடைசியில் நாலு.

"மெஷின் ரொம்ப பிஸியா இருந்துச்சா அன்னிக்கு?"

"இல்ல மேடம். எட்டு கோர் இருக்கு, எட்டு பிராசஸர் மாதிரி. ஏழு எப்பவும் சும்மாதான்."

"மத்தது?"

"அது... அதுவும் சராசரியா சும்மாதான்."

சொல்லிவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார். நான் மருமகளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"கணக்கு சரியாத்தான் இருக்கு மாமா," என்றாள் வெளியே வந்து. "அதான் எரிச்சலா இருக்கு. தப்பா இருந்தா பிடிச்சிடலாம்."

"அந்தக் கண்ணாடிக்காரனைப் பிடிச்சு ரெண்டு உலுக்கு உலுக்கினா?"

"உலுக்கினா என்ன விழும்?"

"கண்ணாடி விழும். அப்புறம் பாத்துக்கலாம்."

டீ குடித்தால் யோசனை வரும் என்றாள். கேன்டீனுக்குப் போனோம். அங்கேயும் கவுன்டருக்கு மேல் ஒரு பலகை: 'சராசரிக் காத்திருப்பு, ஏழு விநாடி.' நான் வரிசையில் நின்றேன். ஏழு விநாடி போனது. எழுபதும் போனது. எனக்கு முன்னால் நின்ற டிரைவர் இரண்டு கொட்டாவி விட்டு, மூன்றாவதற்கு வாயைத் திறந்தபடியே நின்றார்.

"என்னய்யா ஏழு விநாடி?" என்று பலகையைக் காட்டினேன்.

கேன்டீன்காரர் கொஞ்சமும் வெட்கப்படவில்லை. "அது ஆளுக்கு ஏழு, பெரியவரே. கதவு மேல ஒரு கண்ணு இருக்கு பாருங்க. உள்ள வர்றவங்களை எல்லாம் எண்ணும். டீ வாங்குனாங்களா, எட்டிப் பாத்துட்டுப் போனாங்களான்னு அதுக்குத் தெரியாது. எல்லாரும் நின்ன நேரத்தைக் கூட்டி, வந்த தலைக்கு வகுத்துடுவாங்க. ஏழைத் தாண்டினா சராசரி சார் இறங்கி வந்து கத்துவாரு."

"தாண்டாம எப்படிப் பாத்துக்கிறீங்க?"

அவர் மூலையிலிருந்து விளக்குமாற்றை எடுத்தார். கதவருகே போய், அந்தக் கண்ணுக்கு முன்னால் அதை இப்படியும் அப்படியும் ஆட்டினார். பலகையில் ஏழு ஆறாக மாறியது.

"விளக்குமாறையும் ஆளுன்னு எண்ணுமா?"

"இந்த ஆபீஸ்ல பல பேரை விட இது நல்லா வேலை செய்யுது பெரியவரே."

டிரைவர் கொட்டாவியை முடித்துவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். மருமகள் மட்டும் சிரிக்கவில்லை. விளக்குமாற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது.

"மாமா, இந்த நிலையத்துக்கு ஒரு நாளைக்கு எத்தனை போன் கால் வரும்?"

"எனக்கென்ன தெரியும். கழிவறைக்குப் பக்கத்துல ஒட்டியிருந்தாரு. ஏதோ இருநூறு."

"இருநூறு கால். ஒரு காலுக்கு புரோகிராம் நூறு தடவை எழுந்தாலும் இருபதாயிரம். அட்டவணையில எவ்வளவு இருந்துச்சு? ஒரே நாள்ல கோடியைத் தாண்டியிருக்கு." என் கையைப் பிடித்து இழுத்தாள். "வாங்க. விளக்குமாறு ஆட்டுறவனைப் பாத்துட்டு வருவோம்."

டீ அங்கேயே கிடந்தது. கிடந்தது என்றால், வரவே இல்லை.

மெஷின் அறையில் பொறியாளர் எங்களைத் திரும்ப எதிர்பார்க்கவில்லை. மருமகள் அவரைத் தாண்டிப் போய்க் கீபோர்டு முன்னால் உட்கார்ந்தாள். நான் கதவை ஒட்டி நின்றுகொண்டேன். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. கதவை மறைக்கத் தெரியும்.

"வேலையே இல்லாதப்ப இந்த புரோகிராம் எதுக்கு எழுந்து எழுந்து உட்காருது?" என்றாள்.

"அது... உயிரோட இருக்கான்னு பாக்க, மேடம். நாடித்துடிப்பு மாதிரி."

"எந்த மனுஷனுக்கு இந்த வேகத்துல நாடி துடிக்குது? செத்துருவான்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அது இல்லாமல் முகம் அப்பாவியாக இருந்தது. இதுவும் ஒரு தந்திரமாக இருக்கலாம் என்று கவனித்துக்கொண்டேன்.

"ஒப்பந்தத்துல சராசரித் தாமதம்னுதான் போட்டிருக்கு மேடம். போன வருஷம் அது கொஞ்சம் ஏறுச்சு. சார் கத்தினாரு. சும்மா எழுந்து, ஒண்ணும் பண்ணாம, திரும்பத் தூங்குற மாதிரி ஒரு வரி சேத்தேன். எழுந்திருக்கிற ஒவ்வொரு தடவையும் காத்திருப்பு கிட்டத்தட்ட ஒண்ணுமே இருக்காது. அது கோடிக்கணக்குல சேர்ந்தா..."

"நிஜமா காத்து நின்ன ஒண்ணு ரெண்டு தடவை அதுல கரைஞ்சு போயிடும். கடல்ல ஒரு சொட்டு மை."

"ஆமா மேடம்."

"இந்த கெர்னல் புதுசு. இருக்கிறதுலயே அதிகமா ஒரே தடவை எவ்வளவு நேரம் காத்திருந்துச்சுன்னு இதுல தனியா ஒரு எண் வருமே. உங்க அறிக்கையில அந்தக் கட்டத்தைக் காணோம்?"

"அதை யாரும் கேக்கல."

"இப்ப நான் கேக்குறேன்."

அவளே ஏதோ தட்டினாள். திரையில் ஓர் எண் வந்தது. எனக்குப் புரியவில்லை, ரொம்ப நீளம். மருமகள் அதை நிமிடமாக மாற்றிச் சொன்னாள். மூன்று முழுசாக, நாலாவதும் கிட்டத்தட்ட முழுசாக.

"மாட்டிக்கிட்டான்!" என்றேன். "அந்தம்மாவை மாட்டி விட்டவன் இவன்தான். அப்பவே நினைச்சேன், குளிர்ல வேர்க்குதேன்னு. நீதிபதியம்மாவைக் கூப்பிடு."

"நான் தாமதத்தை உண்டாக்கல ஐயா!" என்று பதறினார் பொறியாளர். "மறைக்கத்தான் மறைச்சேன். அது வேற, இது வேற."

"அவர் சொல்றது சரி மாமா," என்றாள் மருமகள். "விளக்குமாறு கூட்டத்தை உண்டாக்கல. புரோகிராம் நாலு நிமிஷம் வெளியில நின்னுச்சுன்னா, உள்ள ஒருத்தன் நாலு நிமிஷம் எழுந்திருக்காம உட்காந்திருந்தான்னு அர்த்தம். அவன் யாரு?"

பொறியாளர் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். பயந்தவன் வாயைத் திறப்பதற்கும் கள்ளன் வாயைத் திறப்பதற்கும் வித்தியாசம் உண்டு. இவர் முதல் ரகம் என்று எனக்கே பட்டது. பட்டதை நான் வெளியில் சொல்லவில்லை.

மறுபடி ஆபரேட்டரிடம் ஓடினோம். மணி இரண்டரையைத் தாண்டியிருந்தது.

"அன்னிக்கு வட்டம் சுத்திக்கிட்டு இருந்தப்ப, சுத்துப்பட்டுல வேற என்ன நடந்துச்சு? எதுவானாலும் சொல்லுங்க."

"ஒண்ணும் இல்ல மேடம். நான் கண்ணாடி அறைக்குள்ள இருக்கேன். வெளியில பார்வையாளர் கூடத்துல யாரோ விருந்தாளிங்க வந்திருந்தாங்க. சார் ஏதோ பேசிக்கிட்டு இருந்தாரு." கொஞ்சம் யோசித்தார். "கை தட்டுனாங்க. இங்க ஒரு மனுஷன் எரியுதேன்னு கத்துறாரு, அங்க இவங்க கை தட்டுறாங்களேன்னு ஆத்திரமா வந்துச்சு. அதான் ஞாபகம் இருக்கு."

"எதுக்குக் கை தட்டுனாங்க?"

"சுவர்ல ஒரு பெரிய திரை இருக்கு. சராசரியை முள் வெச்சுக் காட்டும். பெரிய ஆளுங்க வந்தா மட்டும்தான் அதைப் போடுவாரு."

மருமகள் எழுந்து வெளியே போனாள். தாழ்வாரத்தில் பொறியாளரை ஓரமாக அழைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். எனக்குக் கேட்கவில்லை. அவர் தலையை மட்டும் ஆட்டினார். ஆட்டிய விதத்தைப் பார்த்தால் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. அப்புறம் அவள் நீதிபதியம்மாவிடம் போய் ஏதோ பேசினாள். அவசர அழைப்புகளைக் கொஞ்ச நேரத்துக்குப் பக்கத்து நிலையத்துக்கு மாற்றி விட்டார்கள். கடைசியாக என்னிடம் வந்தாள்.

"மாமா, மூணு மணிக்கு ஆபரேட்டரோட நேரடி நம்பருக்கு ஒரு போன் பண்ணுங்க. தீப்பிடிச்சுக்கிச்சுன்னு சொல்லணும்."

"பொய் சொல்லணுமா?"

"நல்ல பொய்யா."

மூன்று மணி. நீதிபதியம்மா கண்ணாடி அறைக்குள் ஆபரேட்டரின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார். அவர் பக்கத்தில் கையில் கட்டோடு தச்சர். பெரிய உடம்பு, சிவந்த கண். ஆபரேட்டரை அவர் பார்த்த பார்வையில் பட்டறை இன்னும் எரிந்துகொண்டிருந்தது. பார்வையாளர் கூடத்தில் மேலாளரும் மருமகளும்.

"சார், விசாரணை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு ஆசை," என்றாள் மருமகள். இவ்வளவு இனிப்பாக அவள் என்னிடம் ஒரு நாளும் பேசியதில்லை. "அந்த முள்ளை ஒரு தடவை பெரிசா பாக்கணும். நீதிபதியம்மா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிக்கிறாங்க. அங்கிருந்து இன்னும் நல்லாத் தெரியுமாம்."

சராசரியின் முகம் மலர்ந்தது. திரையின் பொத்தானைத் தட்டினார். சுவர் முழுக்க ஒளி. நடுவில் ஒரு வட்டம், அதில் பூஜ்யத்தில் ஒரு பச்சை முள், சுற்றிலும் குட்டிக் குட்டிக் கோடுகள் வழுக்கிக்கொண்டு ஓடின. நிஜமாகவே அழகாகத்தான் இருந்தது. அழகாக இருப்பதை நான் இன்னும் கொஞ்சம் சந்தேகிப்பேன்.

நான் தாழ்வாரத்தில் நின்று போனை எடுத்தேன். "ஹலோ, தீயணைப்பா? ஒரு மேலாளர் நாற்காலி எரியுது. ஆமா, உட்காந்திருக்கும்போதே. விலாசம் சொல்றேன், எழுதிக்கங்க."

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஆபரேட்டர் விலாசத்தைத் தட்டினார். நீதிபதியம்மா குனிந்து பார்க்க, பொத்தானை அழுத்தினார். அனுப்பப்படுகிறது. வட்டம் சுற்றியது.

"பாருங்க," என்று மேலாளர் கூடத்தில் சொற்பொழிவைத் தொடங்கியிருந்தார். "நொடிக்கு நொடி கெர்னல்லேர்ந்தே கணக்கு வருது. முன்னெல்லாம் முள் கொஞ்சம் திக்கும். விருந்தாளிங்க முன்னாடி அசிங்கமா போச்சு. நான் விடல. இப்ப எவ்வளவு வழுவழுப்பா ஓடுது பாருங்க!"

உள்ளே வட்டம் சுற்றியது.

"இந்த நிமிஷம் எங்க மெஷின்ல தாமதம்ங்கிற பேச்சே கிடையாது!"

உள்ளே நீதிபதியம்மா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தச்சர் திரையைப் பார்த்தார், ஆபரேட்டரின் விரலைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். ஆபரேட்டர் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

நான் கூடத்துக்குள் வந்து பலமாகக் கை தட்டினேன். மேலாளர் எனக்குத் தலை வணங்கினார். நல்ல மனிதர்.

அவர் மூச்சு வாங்க நிறுத்தியபோது மருமகள், "போதும் சார். மூடிடுங்க," என்றாள்.

சுவர் இருண்டது. இருண்ட அதே கணத்தில் கீழே வண்டி நிற்கிற இடத்தில் மணி அலறியது.

நீதிபதியம்மா ஆபரேட்டரின் கணினிப் பதிவைத் திறக்கச் சொன்னார். பொத்தான் அழுத்தப்பட்ட நேரம் என்று அதில் இருந்தது இப்போதைய நேரம். மணி அடித்த நேரம்.

கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு அவர் வெளியே வந்தார். "இந்தம்மா அழுத்தினதை நான் என் கண்ணால பாத்தேன். அப்ப நீங்க 'பாருங்க'ன்னு ஆரம்பிச்சிருந்தீங்க. இப்பதான் அழுத்தினாங்கன்னு உங்க மெஷின் சொல்லுது. நான் தூங்கிட்டேனா, மேலாளரே?"

மேலாளர் பொறியாளரைப் பார்த்தார். பொறியாளர் முதல் தடவையாக வியர்க்காமல் பேசினார். "முள் திக்கக் கூடாதுன்னு நீங்க சொன்னீங்க சார். எல்லாத்துக்கும் மேல முன்னுரிமை குடுன்னீங்க. வண்டி அனுப்புற புரோகிராமும் இந்தப் படமும் ஒரே கோர்லதான் ஓடணும், மத்த ஏழும் மத்த ஆபீசுக்கு ஒதுக்கியாச்சுன்னீங்க. நீங்க படத்தைப் போட்டா, மூடுற வரைக்கும் அது அந்த கோரை விட்டு எழுந்திருக்காது. மத்ததெல்லாம் வெளியில நிக்கும்."

"தாமதமே இல்லைன்னு நீங்க காட்டுன நாலு நிமிஷம்தான் சார் அந்தத் தாமதம்," என்றாள் மருமகள்.

"ஆனா சராசரி..." மேலாளர் அந்த வழவழப்பான தாளை மறுபடி எடுத்தார். "வருஷம் முழுக்க எடுத்துப் பாத்தீங்கன்னா, அந்த ஒரு தடவை ஒண்ணுமே..."

தச்சர் கண்ணாடிக் கதவைத் தாண்டி வந்து அவர் எதிரில் நின்றார். அடிக்கப் போகிறார் என்று நினைத்து நான் ஓர் அடி பின்னால் நகர்ந்து இடம் கொடுத்தேன்.

"என் பட்டறை சராசரியா எரியல சார்," என்றார். "முழுசா எரிஞ்சுது."

மேலாளர் தாளை மடித்தார். இன்னொரு தடவை மடித்தார். வைக்க இடம் தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

நீதிபதியம்மா ஆபரேட்டர் பக்கம் திரும்பினார். "தூங்கினதா சொன்ன குற்றச்சாட்டு இல்லைன்னு ஆச்சு. இருக்கையை விட்டு எழுந்ததுன்னு இன்னொண்ணு இருக்கு. அதுக்கு என்ன சொல்றீங்க?"

ஆபரேட்டர் வாயைத் திறப்பதற்குள் தச்சர் முந்திக்கொண்டார். "இவங்க ஓடித்தான் வண்டி வந்துச்சாம்மா?"

"ஆமா," என்றார் நீதிபதியம்மா.

"நான் உள்ள மாட்டிக்கிட்டு இருந்தேன். கதவை வெட்டித்தான் இழுத்தாங்க." கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினார். "அந்தம்மா உட்காந்தே இருந்திருந்தா, இதுக்குக் கட்டுப் போட நானே இருந்திருக்க மாட்டேன். இவங்களை உள்ள தள்ளணும்னுதாங்க காலையில கிளம்பி வந்தேன்."

"அந்தக் குற்றச்சாட்டும் இல்ல," என்றார் நீதிபதியம்மா. "போய் உங்க இடத்துல உட்காருங்க. பக்கத்து நிலையத்துலேர்ந்து அழைப்புகளைத் திரும்ப மாத்தச் சொல்றேன்."

ஆபரேட்டர் உட்காரவில்லை. சுவர்த்திரைக்குப் பக்கத்தில் போனார். அதன் பின்னால் கையை விட்டுத் தடவினார்.

"அதைத் தொடாதீங்கம்மா," என்றார் மேலாளர். "ரொம்ப மென்மையான சாமான்."

தடித்த ஒரு வயர் சுவரிலிருந்து பிய்ந்து வந்தது. கூடவே கொஞ்சம் காரையும் உதிர்ந்தது. ஆபரேட்டர் அதைச் சுருட்டி மேலாளரின் கையில், அந்தத் தாளுக்கு மேலேயே வைத்தார். பிறகு கண்ணாடி அறைக்குள் போய், நாற்காலியைத் தன் உயரத்துக்குச் சரிசெய்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

முதல் அழைப்பு வந்தது. எடுத்தார்.

"தீயணைப்பு நிலையம். பதறாம, விலாசத்தை மட்டும் சொல்லுங்க."